ஆறாயிரம் ரூபாயில் ராக் கிராலர்: மோட்டாரா, டயரா, எடையா?

அக்கா மகன் போன கார்த்திகை மாதம் ஒரு பழைய ராக் கிராலர், அதாவது பாறை ஏறும் ரிமோட் வண்டி, வாங்கி வந்தான். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. இரும்புச் சட்டம், இரண்டு ஆக்சிலும் லாக் ஆனவை, அதாவது இடது வலது சக்கரங்கள் சேர்ந்தே சுழலும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 313 மி.மீ. எங்கள் வீடு திருச்செங்கோடு பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கரடு இருக்கிறது. அதில் ஆடு மேய்ப்பவர்கள் மத்தியானம் சாய்ந்து உட்காரும் சரிவுப் பாறை ஒன்று உண்டு. முதல் நாள் அதில் வண்டியை விட்டான். பாதி ஏறியது, மூக்கைத் தூக்கியது, மல்லாந்து விழுந்தது. ஐந்தாறு முறை விட்டுப் பார்த்தும் அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தது.

"மாமா, மோட்டார் மாத்துனா ஏறிக்குமுங்களா?" என்று கேட்டான். கையில் ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான்.

கிராலர் வாங்கிய எல்லோரும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி இது. ரிமோட் வண்டி என்றாலே வேகம், வேகம் என்றாலே மோட்டார் என்று மனசு போய்விடுகிறது. ஆனால் கிராலரின் வேலை வேறு. நாம் நடப்பதைவிட மெதுவாக, நான்கு டயரும் கல்லை விடாமல் பிடித்துக்கொண்டு, விரல் விரலாக ஏற வேண்டும். எங்கள் பக்கம் போர் போடும் ரிக் வண்டிகள் அதிகம். உழுத காட்டுக்குள் அவ்வளவு பெரிய வண்டியை இறக்கும்போது டிரைவர் அண்ணன் முதல் கியரில் உருட்டிக்கொண்டே போவார், ஆக்சிலேட்டரில் காலை அழுத்தவே மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இருந்தது.

அதனால் மோட்டாரை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஆறாயிரத்தை எங்கே போட்டால் பாறையில் உடனே தெரியும் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். கீழே சொல்லும் விலைகள் எல்லாம் எங்களுக்கு ஆனவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

முதலில் ஒரு பலகை

நாலடி நீளத்தில் ஒரு பிளைவுட் துண்டு எடுத்தோம். அதன்மேல் முரட்டு உப்புத்தாளை ஃபெவிகால் போட்டு ஒட்டினோம். ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் வண்டியை ஏற்றிப் பார்த்தோம். சரிவு எத்தனை டிகிரி என்பதை போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் சொல்லிவிடும்.

வண்டி எப்படித் தோற்கிறது என்பதை வைத்தே எதை மாற்றுவது என்று தெரிந்துவிடும். மல்லாந்தால் எடை தப்பான இடத்தில் இருக்கிறது. சக்கரம் சுழன்று வழுக்கினால் டயரைக் கவனிக்க வேண்டும். சக்கரம் சுழலாமல் மோட்டார் முனகிக்கொண்டு நின்றால் கியர், அதற்கப்புறம் மோட்டார். ஏறி நின்றபின் விரலை எடுத்ததும் பின்னால் உருண்டால் இஎஸ்சி, அதாவது மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டி. முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவுக்கு மட்டும் பலகை உதவாது. முன் டயரை இரண்டு செங்கலுக்கு நடுவே செருகி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இவன் வண்டி 53 டிகிரியில் மல்லாந்தது. டயர் வழுக்கவில்லை, மோட்டார் திணறவில்லை. அதே மோட்டாருக்குப் பதில் இன்னும் வேகமான ஒன்றைப் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் மல்லாந்திருக்கும், அவ்வளவுதான். கூடவே இரண்டு குறைகள் தெரிந்தன. சரிவில் விரலை எடுத்ததும் பின்னால் உருண்டது. செங்கலுக்கு நடுவே முன் சக்கரம் அசையவில்லை.

பேட்டரியை நகர்த்துவதா, பித்தளை வாங்குவதா?

மல்லாந்து விழுவது முழுக்க கணக்குதான். வண்டியின் எடை மையம் பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முன்தூரத்தை உயரத்தால் வகுத்தால் கிடைப்பது கவிழும் கோணத்தின் டேன்ஜென்ட். பத்தாம் வகுப்புப் பையன் இதைத் தானாகவே போட்டுவிட்டான். பரீட்சைக்குப் படித்த முக்கோணவியல் வண்டிக்கு உதவுகிறது என்று அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவே இந்த வேலையில் இறங்கலாம்.

எடைப் பங்கீட்டைப் பார்க்கச் சமையலறைத் தராசு போதும். முன் சக்கரம் இரண்டையும் தராசில் வையுங்கள். பின் சக்கரத்துக்கு அடியில் தராசின் உயரத்துக்குப் புத்தகம் அடுக்குங்கள். இவன் வண்டி மொத்தம் 2,200 கிராம். தராசு 1,100 காட்டியது. முன்பாதி, பின்பாதி சரிசமம். எடை மையம் சுமார் 110 மி.மீ. உயரத்தில் இருந்தது என்று வைத்தால் கணக்குப்படி 55 டிகிரி வரை தாங்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்துவிடுவதால் பலகையில் 53-லேயே விழுந்தது.

இப்போது இரண்டு வழிகள். பேட்டரி பின்னால் இருந்தது, அதன் எடை 280 கிராம். அதை 200 மி.மீ. முன்னுக்குத் தள்ளி முன் ஆக்சிலுக்கு மேலே தாழ்வாக வைத்தால், முன் சக்கரத்துக்கு ஏறக்குறைய 180 கிராம் மாறிப்போகும். முன்பக்கப் பங்கு 58 சதவீதம் ஆகிறது. செலவு எதுவும் இல்லை. பரணில் கிடந்த அலுமினியத் தகட்டை வளைத்து ஒரு தட்டு, இரண்டு கேபிள் டை.

அடுத்தது முன் சக்கரம் இரண்டுக்குள்ளும் சேர்த்து 200 கிராம் பித்தளை. கணக்குப் போட்டால் முன்பக்கப் பங்கு 54 சதவீதம்தான் வருகிறது. காசு கொடுத்து வாங்கும் பித்தளையைவிடச் சும்மா நகர்த்தும் பேட்டரி அதிகம் செய்கிறது. இதை நான் முன்பே யாரிடமும் கேட்டதில்லை, நம் தராசு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான புது ஆட்கள் பேட்டரியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பித்தளை ஆர்டர் போடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பித்தளைக்கு வேறொரு பலன் உண்டு. அது சக்கரத்தின் நடு உயரத்தில், கல்லுக்குப் பக்கத்தில் உட்காருகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் வண்டி பக்கவாட்டில் சாயும்போது பாடியோடு சேர்ந்து ஆடாது. அதனால் பேட்டரியை நகர்த்தியபின் பித்தளையும் போட்டோம். இரண்டும் சேர்ந்து முன்பக்கம் 61 சதவீதத்தைத் தாண்டியது. எடை மையமும் நாலைந்து மி.மீ. கீழே இறங்கியது. கணக்குப்படி கவிழும் கோணம் 55-லிருந்து 61 டிகிரிக்குப் போனது. அதில் ஏறக்குறைய நாலு டிகிரி பேட்டரியால் வந்தது.

எடையை எங்கே வாங்குவது? ரெடிமேட் பித்தளை வளையம் அழகாக இருக்கும், விலையும் அப்படியே இருக்கும். கார் அலைன்மென்ட் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் பட்டி கேளுங்கள். ஐந்து, பத்து கிராம் துண்டுகளாக ஒரு பட்டி 60 கிராம் இருக்கும். நாங்கள் ஒன்று நாற்பது ரூபாய்க்கு வாங்கினோம். டயரைக் கழற்றி வீலின் மேல் ஒரு சுற்று ஒட்டினால் ஏறக்குறைய பொருந்திவிடும். ஒட்டிய இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்திருக்க வேண்டும், மேலே இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். இல்லையென்றால் சேற்றில் இறங்கிய முதல் நாளே பசை விட்டுவிடும்.

லேத் பட்டறை பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. வெளிவிட்டம் 36, உள்விட்டம் 24, நீளம் 20 மி.மீ. பித்தளை வளையம் கடைந்து தரச் சொன்னோம். பித்தளை ஒரு கன செ.மீ. சுமார் எட்டரை கிராம் என்பதால் ஒரு வளையம் 96 கிராம் வரும். பட்டறை அண்ணன் துண்டுப் பித்தளை ராடை எடைக்குப் போட்டு, கூலியோடு இரண்டுக்கும் எழுநூறு ரூபாய் வாங்கினார். கொடுக்கும் முன் உங்கள் வீலின் உட்புறத்தை வெர்னியரால் அளந்து, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பும்போது வளையம் நக்கிளில், அதாவது சக்கரம் திரும்பும் மூட்டில், இடிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் அரை மி.மீ. இடித்தது, அரத்தால் தேய்த்துச் சரிசெய்தோம்.

பின் சக்கரத்தில் எடை போட வேண்டாம். மல்லாந்து விழும் வண்டிக்கு அது கயிறு கட்டிப் பின்னால் இழுப்பது மாதிரி. பிளாஸ்டிக் கியர் உள்ள சின்ன வண்டிகளில் முன்னாலும் அளவோடு போடுங்கள். சக்கரத்தில் ஏறும் ஒவ்வொரு கிராமையும் அந்தக் கியர்தான் இழுக்க வேண்டும்.

டயர்: புதுசா, பழசையே திருத்துவதா?

எடை சரியானதும் வண்டி மல்லாப்பதை விட்டுவிட்டு, 56 டிகிரியில் வழுக்க ஆரம்பித்தது. ஒரு குறை தீர்ந்தால் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது வெளியே வரும். இப்போதுதான் டயர் பக்கம் போக வேண்டிய நேரம்.

நல்ல மிருதுவான ரப்பர் டயர் நான்கு, ஃபோமோடு சேர்த்து எங்களுக்குச் சொன்ன விலை 2,400 ரூபாய். கையில் இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு. வாங்கும் முன் பழைய டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். ரப்பர் மோசமில்லை, உள்ளே இருந்த ஃபோம்தான் கல் மாதிரி இருந்தது. டயர் கல்லின் வடிவத்துக்கு மடிந்து கொடுத்தால்தான் பிடிக்கும். அது மடியவே இல்லை.

அதனால் திருத்திப் பார்த்தோம். வீலில் பீட்லாக், அதாவது டயர் விளிம்பை ஸ்க்ரூவால் இறுக்கும் வளையம், இருந்தது, பசை கிடையாது. ஸ்க்ரூவைக் கழற்றினால் டயர் வந்துவிடும். ஒட்டின டயர் என்றால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, பசை இளகியதும் மெதுவாக உரிக்க வேண்டும். ஃபோம் வளையத்தை வெளியே எடுத்து, வெளிவிளிம்பில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாக ஆப்பு வடிவத்தில் துண்டு துண்டாக வெட்டினோம். கடைசியில் பார்த்தால் சூரியகாந்திப் பூ மாதிரி இருந்தது. பையன் கத்தரிக்கோலால் முயன்று பிய்த்துவிட்டான். புது பிளேடு போட்ட கட்டர் வேண்டும், ஃபோமைக் கொஞ்சம் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். முன் டயருக்கு ஆழமாக வெட்டினோம், பின் டயருக்கு அதில் பாதி. பின்பக்கம் ரொம்ப மிருதுவானால் வண்டி பின்னால் உட்காரும், மறுபடி மல்லாக்கும்.

அப்புறம் காற்றுத் துளை. டயருக்குள் அடைபட்ட காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் ஃபோமை எவ்வளவு வெட்டினாலும் டயர் பலூன் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு வீலிலும் 3 மி.மீ. துளை ஒன்று போட்டோம். தண்ணீரில் ஓட்டினால் உள்ளே நீர் போகும், வீட்டுக்கு வந்ததும் பிழிந்து விட வேண்டும். அந்தச் சிரமம் பரவாயில்லை.

மறுபடி பலகையில் விட்டோம். 60 டிகிரி வரை வழுக்கவில்லை. செலவு ஒரு கட்டர் பிளேடு. உங்கள் டயர் ரப்பரே கடினமான பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் இந்த வேலை உதவாது, அப்போது தயங்காமல் புது டயர் வாங்குங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மெதுவாக மறைய வேண்டும். தடமே விழவில்லை என்றால் அந்த டயரைத் திருத்தி நேரம் வீணாக்க வேண்டாம்.

புது டயர் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெரிசாக வாங்க ஆசைப்படுவார்கள். 110 மி.மீ. டயரை 120 ஆக்கினால் வண்டி 5 மி.மீ. உயரும், எடை மையமும் உயரும். ஒரு சுற்றுக்கு 9 சதவீதம் அதிக தூரம் போகும், அதாவது கியர் அந்த அளவு உயர்ந்த மாதிரி. கல்லில் அடிவயிறு தட்டுவது குறையும் என்பது உண்மை. ஆனால் நாம் எடையிலும் கியரிலும் சம்பாதித்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறோம். என் கருத்தில், அதே அளவு, அதைவிட மிருது.

மோட்டாருக்கு முன்னால் பினியன்

மோட்டாரைப் பற்றி அவன் மறுபடி கேட்டான். சரி, கேள்வி நியாயமானது, ஏனென்றால் ரொம்ப மெதுவாக ஓட்டும்போது வண்டி தடக் தடக் என்று துள்ளியது. கல்லின் விளிம்பில் வைத்து ஒரு விரல் அளவு நகர்த்த நினைத்தால் நாலு விரல் பாய்ந்தது.

540 அளவு பிரஷ் மோட்டாரில் டர்ன் எண்ணிக்கையைப் பாருங்கள். கம்பிச் சுற்று அதிகமானால் வேகம் குறையும், அதே வேலைக்குக் கரண்டும் குறைவாக இழுக்கும். இரண்டு செல் லிப்போவில், அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியில், ஓடும் கிராலருக்கு 35 டர்ன் நடுவாந்தரம். மூன்று செல் என்றால் 45, 55 என்று போகலாம். 55-ஐ இரண்டு செல்லில் போட்டால் பாறையில் அருமையாக இருக்கும், ஆனால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நடந்து போவதற்குள் பையன்களுக்குப் பொறுமை போய்விடும்.

இவன் வண்டியில் 35 டர்ன் ஏற்கெனவே இருந்தது. மாற்ற வேண்டியது பினியன்தான். மோட்டார் அச்சில் இருக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரம் 15 பல். அதை 11 பல்லாக்கினால் வேகம் 27 சதவீதம் குறைகிறது, இழுவை 36 சதவீதம் கூடுகிறது. விலை 250 ரூபாய். இதே மாற்றத்துக்கு மோட்டார் வாங்கினால் ஆயிரத்துக்கும் மேல். வாங்கும் முன் இரண்டு அளவு தெரிய வேண்டும். ஒன்று அச்சின் விட்டம், 540 மோட்டாரில் 3.175 மி.மீ. இன்னொன்று பல்லின் பருமன், 32 பிட்ச் அல்லது 48 பிட்ச். இரண்டையும் கலந்து மாட்டினால் ஒரே நாளில் பெரிய பல்சக்கரம் பொடியாகும்.

மாட்டும்போது தினத்தாளில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். பினியனுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே அதை வைத்து, மோட்டாரை அழுத்தித் தள்ளி, ஸ்க்ரூவை முறுக்குங்கள். பிறகு பல்சக்கரத்தைக் கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். காகிதம் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வர வேண்டும். அந்தக் காகிதத்தின் கனம்தான் இரண்டுக்கும் நடுவே தேவையான இடைவெளி. பினியனின் சின்ன ஸ்க்ரூ அச்சின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நூல்பூட்டுப் பசை ஒரு சொட்டு விடுங்கள்.

இஎஸ்சியும் சர்வோவும்: இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்

இதுவரை கஞ்சத்தனமாக இருந்த நான் இந்த இரண்டிலும் கையைத் திறக்கச் சொன்னேன்.

பழைய இஎஸ்சி ஓட்டப்பந்தய வண்டிக்கானது. விரலை எடுத்தால் மோட்டார் சும்மா சுழலும், சரிவில் வண்டி உருண்டு இறங்கும். கிராலருக்கு டிராக் பிரேக் வேண்டும். விரலை எடுத்த நொடியில் மோட்டாரே பிரேக்காகி வண்டியை அந்தக் கோணத்திலேயே பிடித்து நிறுத்தும். எங்கே திரும்பலாம், எந்தக் கல்லில் டயர் வைக்கலாம் என்று நின்று யோசிக்கலாம். என்னைக் கேட்டால் ராக் கிராலிங்கின் இன்பமே அந்த யோசிக்கும் நேரத்தில் இருக்கிறது.

விலை குறைந்ததில் ஹாபிவிங் குவிக்ரன் 1060 பலகாலமாக எல்லோரும் போடுவது. 60 ஆம்பியர், பிரஷ் மோட்டாருக்கானது. அதில் இரண்டு சின்ன ஜம்பர்கள், அதாவது இடம் மாற்றிச் செருகும் துண்டுகள், உண்டு. ஒன்று பேட்டரி வகைக்கு, இன்னொன்று ஓடும் முறைக்கு. ஓடும் முறை ஜம்பரை மாற்றினால் கிராலருக்கான முறைக்கு வந்துவிடும். நடுவில் பிரேக் பிடித்து நிற்காமல் முன்னிலிருந்து நேராகப் பின்னுக்கும் போகலாம். அதே கம்பெனியின் 1080 கிராலருக்கென்றே செய்தது, டிராக் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். காசு இருந்தால் 1080 நல்லது. எங்கள் கணக்கில் 1060 போதும், 1,900 ரூபாய் ஆனது.

பேட்டரி ஜம்பரை மறந்துவிடாதீர்கள். லிப்போ போட்டுவிட்டு ஜம்பரைப் பழைய வகையில் விட்டால், பேட்டரி தாழும்போது இஎஸ்சி சரியான இடத்தில் நிறுத்தாது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தப் பேட்டரியின் ஆயுள் அவ்வளவுதான். முழு சார்ஜ் 4.2 வோல்ட், ஓட்டாமல் வைக்கும் நாட்களில் 3.8. பையன்கள் கையில் கொடுப்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும், வீங்கிய பேட்டரியை ஒருபோதும் போடக் கூடாது.

சர்வோவில் ஒப்பீடு இன்னும் கடினம், ஏனென்றால் விலை வித்தியாசம் ஆசை காட்டும். எம்ஜி 996ஆர் முந்நூற்றைம்பது ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவில் பல கடைகளில் கிடைக்கும், ரோபோ செய்யும் மாணவர்கள் வாங்குவது. பத்து, பதினோரு கிலோ விசை. அதாவது சர்வோவின் அச்சில் மாட்டும் கையான கொம்பின் மையத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளி அத்தனை கிலோவைத் தாங்கும். சின்ன வண்டிக்குச் சரி. பத்தில் ஒரு பங்கு வண்டியில், லாக் ஆன முன் ஆக்சிலோடு, இப்போது பித்தளையும் ஏறியபின் கல்லிடுக்கில் அது திணறும். 25 கிலோ டிஜிட்டல் சர்வோ 1,250 ரூபாய்க்கு வாங்கினோம். கூடவே 25 பல் அலுமினியக் கொம்பு 200 ரூபாய். பிளாஸ்டிக் கொம்பை இந்த சர்வோவில் மாட்டினால் பல் வழுக்கிக் காசு மொத்தமும் வீண்.

சர்வோ வாங்கியதோடு வேலை முடிவதில்லை. அது முட்டிக்கொண்டு நிற்கும்போது பல ஆம்பியர் இழுக்கும். இஎஸ்சிக்குள் இருந்து வரும் கரண்ட் அதற்குப் போதாமல் போனால் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு வோல்ட் இறங்கி, வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். எங்களுக்கு அது பாறை உச்சியில் நடந்தது. ரிமோட் பழுது என்று நினைத்து அரைநாள் அலைந்தோம். 350 ரூபாய்க்குத் தனி வோல்ட் குறைப்பி ஒன்று வாங்கி, பேட்டரியிலிருந்து நேராக சர்வோவுக்கு 6 வோல்ட் கொடுத்ததும் சரியானது. இஎஸ்சியிலிருந்து வரும் சிவப்பு ஒயரை சர்வோவுக்குப் போகவிடாமல் பிரித்துவிட வேண்டும், கறுப்பு ஒயர் பொதுவாக இருக்க வேண்டும்.

சஸ்பென்ஷன், பாடி

இவற்றில் இப்போதைக்குக் காசு போட வேண்டாம் என்பதே என் எண்ணம். ஷாக்கைக் கழற்றி எண்ணெய் மாற்றி, முன்பக்கம் கொஞ்சம் மிருதுவான ஸ்பிரிங் போட்டாலே போதும். ஒரு முன் சக்கரத்தின் கீழே கல் வைத்தாலும் மற்ற மூன்றும் தரையைத் தொட வேண்டும், அது நடந்தால் சஸ்பென்ஷன் வேலை செய்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் பாடி நிஜ ஜீப் மாதிரி அழகாக இருக்கும், அந்த எடை முழுக்க உச்சியில்தான் உட்காரும். லெக்சான் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பாடி லேசானது. கூரையில் கேரியர், ஸ்டெப்னி, ஜெர்ரிகேன் என்று ஏற்ற ஆசைப்படும் பிள்ளைகளிடம் தராசைக் கொடுத்து நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கூரை கேரியர் மட்டும் 140 கிராம். முன் சக்கரத்தில் எழுநூறு ரூபாய் கொடுத்து இறக்கிய எடையில் பெரும்பங்கை அது தலைக்கு மேலே ஏற்றியிருந்தது. கழற்றி அலமாரியில் வைத்தான்.

இன்னும் வண்டியே வாங்காதவர்களுக்கு

நம் நாட்டில் இது கொஞ்சம் வேதனையான இடம். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைகளுக்குத் தரச்சான்றும் கட்டாயம். உள்ளூர்த் தொழிலுக்கு அதில் நன்மை இருக்கலாம், ஆனால் முழு வண்டி வாங்க நினைப்பவருக்கு விலை கையைக் கடிக்கும். அதனால்தான் பழைய வண்டியை வாங்கித் திருத்தும் வழி இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

டபிள்யூபிஎல், எம்என் போன்ற கம்பெனிகளின் 1/16, 1/12 வண்டிகள் விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆசைப்பட்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் திருத்தும் எண்ணம் இருந்தால் முதலில் சர்வோவிலிருந்து வரும் ஒயரை எண்ணுங்கள். மூன்று என்றால் வேறு சர்வோ மாட்டலாம். ஐந்து என்றால் சர்வோவின் மூளை போர்டில் இருக்கிறது. சர்வோவை மாற்ற ரிசீவர், இஎஸ்சி, ரிமோட் எல்லாம் மாற்ற வேண்டும். அதன்பின் இரும்புக் கியர், இரும்பு ஆக்சில் என்று ஒவ்வொன்றாக வாங்கினால் கூட்டிப் பார்க்கும்போது பழைய 1/10 வண்டி விலையைத் தாண்டிவிடும். இப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவருமே கடைசியில் 1/10-க்குத்தான் வந்தார்கள்.

மாடி வீட்டில், பாறையே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு ஆக்சியல் எஸ்சிஎக்ஸ் 24 மாதிரி 1/24 வண்டியோ, டிராக்சஸ் 2022-ல் கொண்டுவந்த 1/18 அளவு டிஆர்எக்ஸ்-4எம் மாதிரியோ நல்லது. நாலு செங்கல், இரண்டு தலையணை போதும், மழைநாள் முழுக்க ஓட்டலாம். அந்த அளவில் எடையின் கணக்கு இன்னும் கூர்மையானது, 10 கிராம் கூடப் பலகையில் தெரியும். பேலன்சிங் பட்டியின் இரண்டு ஐந்து கிராம் துண்டு அங்கே 1/10 வண்டியின் பித்தளை வளையம் செய்யும் வேலையைச் செய்கிறது.

கரடு, ஓடை, கல்லாங்குத்து பக்கத்தில் இருப்பவர்கள் 1/10 பாருங்கள். 313 மி.மீ. வீல்பேஸ் உள்ள சட்டத்துக்குப் பல கம்பெனிகளின் பாகங்கள் பொருந்தும், பத்து வருஷம் பழைய வண்டிக்கும் ஸ்பேர் கிடைக்கும். வாங்கும்போது ஆக்சிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஒரு இடத்தில் மட்டும் தட்டினால் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் பல் உடைந்திருக்கிறது.

எங்கள் வண்டிக்கு ஆனது மொத்தம் 4,800 சொச்சம். தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் பனி காய்வதற்குள் அதே சரிவுப் பாறைக்குப் போனோம். பழைய இடத்தில் வண்டி ஒரு கணம் மூக்கைத் தூக்கியது. பையன் விரலை எடுத்தான். வண்டி அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் இரண்டு விரல் ஒடித்து மறுபடி விரலை வைத்தான். முன் டயர் மடிந்து விளிம்பைப் பிடித்தது. ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர், "அட, உடும்பாட்ட ஏறுதே சாமி!" என்றார்.

மிச்சம் 1,190 ரூபாய் இருந்தது. ஹெட்லைட் போடலாமா என்று கேட்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே வேண்டாம் என்றான். முன் ஆக்சிலுக்கு ஒரு செட் கிரவுன், பினியன் 900 ரூபாய்க்கு வாங்கி, கிரீஸ் தடவி, பழைய சாக்லேட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்.